சித்தப்பா கேட்ட கப்பல்

2021 ஐப்பசியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வருடம் என் சித்தப்பா எடுத்த ஒவ்வொரு போன் அழைப்பும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும். "தம்பி, கப்பல் எப்ப வருமாம்?" அவர் கேட்டது பசளைக் கப்பலை. சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அவருக்குத் தம்பலகாமத்தில் நாலு ஏக்கர் வயல், கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் இரண்டு போகமும் செய்கிறவர். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் பல வருடம் டாலி கிளாக்காக, இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிறவனாக, நின்றவன், இப்போது சரக்கு அனுப்புகிற ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்கிறவனுக்குக் கப்பல் வருவது தெரியாமல் இருக்குமா என்பது அவருடைய கணக்கு. எங்கள் சீனன்குடா ஜெட்டியில் கட்டுகிற கப்பலில் அதிகம் வருவது கோதுமையும் சிமெந்து செய்கிற கிளிங்கரும்தான் சித்தப்பா, பசளை பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகும் என்று எத்தனை தடவை சொன்னாலும், அடுத்த கிழமை அதே கேள்வி.

அப்போது நான் ஒரு வரியில் பதில் சொல்லி போனை வைத்திருக்கிறேன். "இன்னும் இல்லை சித்தப்பா." "வந்து நிக்குதாம், இறக்கேலாதாம்." அவருக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்க வேண்டும். நாட்டில் காசு இல்லாமல் போனபோது துறைமுகத்தில் பசளைக்கு என்ன நடந்தது, எங்கே சிக்கியது என்று எனக்குத் தெரிந்ததை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். வயல் செய்கிற குடும்பத்தில் பிறந்து துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு பக்கமும் புரியும். மற்றவர்களுக்குக் கப்பல் வந்தால் சரி, வராவிட்டால் சரியில்லை, அவ்வளவுதான்.

முதலில் பசளைக் கப்பல் எப்படி இறங்குகிறது என்பதைச் சொல்கிறேன். இது தெரியாமல் மற்றது புரியாது. சாக்குச் சாக்காக அடுக்கித்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வருவதும் உண்டு, ஆனால் பெரிய தொகை என்றால் யூரியா மொத்தமாகத்தான், மணல் கொட்டியதுபோலக் கப்பலின் அறைகளுக்குள் குவிந்து வரும். 2012இல் நான் சில மாதம் கொழும்புக்கு டாலிக்குப் போயிருந்தபோது முதல் தடவை மூடியைத் திறக்கப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசிக் குன்று மாதிரி இருந்தது, அமோனியா நெடி மூக்கில் ஏறியது. சித்தப்பா ஒரு கையளவை எடுத்து வரம்பிலிருந்து வீசுவாரே, அதே சாமான் ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிறையக் கிடந்தால் எப்படி இருக்கும். அன்றைக்கு அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நம்பவில்லை.

கப்பலை ஜெட்டியில் கட்டிய கையோடு கிராப், அதாவது கிரேனில் தொங்குகிற அள்ளுவாளி, இறங்காது. சர்வேயர் சின்ன வள்ளத்தில் கப்பலைச் சுற்றி வந்து, இரண்டு பக்கமும் முன், நடு, பின் என்று ஆறு இடத்தில் கப்பல் எவ்வளவு ஆழம் தாழ்ந்திருக்கிறது என்று வாசிப்பார். கடல்நீரை அள்ளி அதன் அடர்த்தியைப் பார்ப்பார். எல்லாம் இறக்கி முடிந்த பிறகு மறுபடி அதே வாசிப்பு, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் எத்தனை தொன் இறங்கியது என்று கணக்கு வரும். இன்னொரு பக்கம் மாதிரி எடுப்பார்கள். நைதரசன் 46 வீதம் இருக்கிறதா, ஈரம் எவ்வளவு, பையூரெட் கூடிப் போயிருக்கிறதா என்று ஆய்வுகூடம் சொல்ல வேண்டும். பையூரெட் கூடினால் பயிரின் இலை கருகும். இதெல்லாம் முடிந்து அனுமதி வந்தால்தான் கிராப் உள்ளே போய் அள்ளி, புனல் மாதிரி இருக்கிற ஹொப்பரில் கொட்டும், ஹொப்பருக்குக் கீழே நிறுத்துச் சாக்கில் நிரப்பி வாயைத் தைத்து லொறியில் ஏற்றுவார்கள், அல்லது மொத்தமாகவே டிப்பரில் ஏற்றிக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய் அங்கே சாக்கில் கட்டுவார்கள். வத்தளைப் பக்கம் ஹுணுப்பிட்டியவில் பெரிய களஞ்சியம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 30,000 தொன் ஏற்றிய ஒரு கப்பல் என்றால் 50 கிலோ மூட்டையில் ஆறு லட்சம் மூட்டை. பத்துத் தொன் லொறியில் 3,000 நடை. ஒரு நாளைக்கு மூவாயிரம் தொன் இறங்கினால் நல்ல வேகம், அப்படியானால் பத்து நாள், ஒவ்வொரு நாளும் 300 லொறி. நான் நின்ற நாட்களில் கிராப் பழுதாகி வேலை நின்றது குறைவு. கீழே லொறி இல்லாமல் நின்றதுதான் கூட. ஜெட்டியில் மூட்டை தூக்குகிற நாட்டாமைமார் சாக்கு விரித்தபடி நிழலில் குந்தியிருப்பார்கள், கிராப் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், கப்பல்காரன் மேலிருந்து கையைக் காட்டிச் சத்தம் போடுவான்.

அப்புறம் மழை. யூரியா காற்றில் இருக்கிற ஈரத்தையே குடிக்கும். ஒரு தூற்றல் விழுந்தால் போதும், "மூடு, மூடு" என்று குரல் வரும், எல்லா அறையும் மூடப்படும், வெயில் வந்து மூடியில் தண்ணீர் காய்ந்த பிறகுதான் திறப்பார்கள். நனைந்த யூரியா முதலில் பாணியாகும், பிறகு கல்லாகும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மழை நேரம் இறக்கும் நேரமாகக் கணக்கில் சேராது, ஆனால் லொறி இல்லாத நேரம் சேரும், அனுமதி வராத நேரமும் சேரலாம், காசு கட்டாத நேரம் கட்டாயம் சேரும். பேசிய நாளுக்கு மேல் கப்பலைப் பிடித்து வைத்தால் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் காசு. அதை டெமரேஜ் என்போம். அதைக் கட்டுவது டொலரில்.

இந்த இடத்தில்தான் 2021ஐயும் 2022ஐயும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரம் மொத்தச் சரக்குக் கப்பலின் வாடகை உலகம் முழுக்க ஏறிக் கிடந்தது, நடுத்தரக் கப்பல் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இருபதாயிரம் முப்பதாயிரம் டொலர் போனது. 25,000 என்று வைத்துக்கொண்டால், 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயாக இருந்தபோது ஒரு கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் 50 லட்சம் ரூபாய். மார்ச் மாதம் ரூபாயை மிதக்க விட்டார்கள், மே மாதம் டொலர் 360, அதே கப்பல் அதே ஒரு நாள் நிற்பதற்கு 90 லட்சம். ஒரு மூட்டை கூட இறங்காமல் இந்தக் காசு போகும்.

சரக்கின் விலை அதைவிட மோசம். 2020இல் உலகச் சந்தையில் யூரியா தொன் ஒன்று 250 டொலருக்குள் இருந்தது. எரிவாயு விலை ஏறியது, 2021 ஐப்பசியில் சீனா தன் பசளை ஏற்றுமதியை இறுக்கியது, 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் போனது, ஏப்ரலில் தொன் 900 டொலரைத் தாண்டியது. முன்பு 30,000 தொன் கப்பல் ஒன்றை 75 லட்சம் டொலருக்கு, அன்றைய ரூபாயில் ஏறத்தாழ 140 கோடிக்கு வாங்கலாம். அந்த ஏப்ரலில் அதே கப்பல் 2 கோடி 70 லட்சம் டொலர், டொலர் 320 என்று போட்டாலும் 860 கோடிக்கு மேல். துறைமுகத்தின் ஆழம் குறையவில்லை, கிரேன் குறையவில்லை, நாட்டாமைமார் அப்படியே இருந்தார்கள். ஆனால் ஒரு கப்பலின் விலை ஆறு மடங்கு.

சரி, கடனுக்கு வாங்கலாமே என்று சித்தப்பாவே ஒரு நாள் கேட்டார். கடையில் கொப்பி போட்டுச் சாமான் வாங்கிப் பழகியவர். கப்பல் வியாபாரத்தில் அந்தக் கொப்பிக்குப் பெயர் எல்.சி. இங்கே இருக்கிற வங்கி, சரக்கு ஏற்றிய பத்திரங்கள் சரியாக வந்தால் காசு தருவேன் என்று எழுதிக் கொடுக்கும். அந்த எழுத்தை வெளிநாட்டு வங்கி ஒன்று நம்பி உறுதி சொல்ல வேண்டும், அப்போதுதான் விற்கிறவன் கப்பலில் ஏற்றுவான். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாது என்று நம் நாடு அறிவித்தது. அதற்குப் பல மாதம் முன்பே டொலர் தட்டுப்பாடு வங்கிகளின் கழுத்தைப் பிடித்திருந்தது, அறிவிப்புக்குப் பிறகு நம் வங்கிகளின் எழுத்தை நம்ப ஆளில்லை. முன்கூட்டியே முழுக் காசும் கேட்டார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வருகிற ஒரு சின்ன இறக்குமதிக்காரர், பசளை அல்ல, வேறு சாமான், வங்கிக்குப் போய் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வந்து எங்கள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தார். ரூபாய் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். அதை டொலராக்க வழியில்லை.

கொழும்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் அரிசியும் பருப்பும் சீனியுமாகக் காசு கட்டாமல் தேங்கிக் கிடந்த காலம் அது. பெற்றோல் கப்பல் ஒன்று மார்ச் 28 முதல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது, பழைய பாக்கி 53 மில்லியன் டொலர் கட்டாமல் இறக்க மாட்டார்களாம் என்று மே மாதம் அமைச்சர் காஞ்சன விஜேசேகர பாராளுமன்றத்தில் சொன்னார். கரையிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியும், சாமான் நமக்கு இல்லை. கப்பல் கப்டன் கெட்டவன் என்று நினைக்க வேண்டாம். மூலப் பத்திரம் கையில் இல்லாதவனிடம் சரக்கைக் கொடுத்தால் அவனும் அவன் கம்பனியும்தான் காசு கட்ட வேண்டும். "வந்து நிக்குதாம், இறக்கேலாதாம்" என்று நான் சித்தப்பாவிடம் சொன்ன வரிக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

ஆனால் பசளையின் கதை டொலரில் மட்டும் தொடங்கவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. 2021 ஏப்ரல் கடைசியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தார், மே 6ஆம் தேதி வர்த்தமானி வந்தது. மண்ணுக்கும் உடம்புக்கும் நல்லது என்று சொன்னார்கள். 2020இல் பசளைக்காக வெளியே போன காசு ஏறத்தாழ 260 மில்லியன் டொலர், அதை மிச்சம் பிடிக்கும் எண்ணமும் அதற்குள் இருந்தது என்றுதான் நான் நம்புகிறேன். நான் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை எருவுக்கு, எதிரி அல்ல. சித்தப்பாவும் மாட்டெருவும் வைக்கோலும் வயலில் போடுகிறவர்தான். ஒரே போகத்தில், மாற்று ஒன்றும் கையில் தராமல், நாடு முழுவதற்கும் ஒரு கையெழுத்தில் நிறுத்தியதுதான் தவறு. முந்திய வருடம் நெல்லுக்குப் பசளை இலவசமாகவே கொடுத்தார்கள், அதை நம்பி வயல் செய்து பழகியவர்களுக்கு அடுத்த வருடம் காசுக்கும் கிடையாது.

மாற்றாக வந்த கப்பலின் கதையும் துறைமுகக் கதைதான். சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் புறப்பட்டது. மாதிரியில் எர்வினியா என்கிற, பயிரை அழுக வைக்கும் பக்டீரியா இருப்பதாக நம் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு சொல்லி இறக்க மறுத்தது. விற்ற கம்பனி ஒத்துக்கொள்ளவில்லை. கப்பல் மாதக் கணக்கில் நம் கடல் பக்கம் சுற்றியது. காசு கொடுக்க வேண்டாம் என்று நீதிமன்றம் தடுக்க, காசு கட்ட வேண்டிய மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில் 6.7 மில்லியன் டொலரைக் கட்டினார்கள். ஒரு சாக்குக் கூட வயலுக்கு வரவில்லை. மாதிரியை ஆய்வு செய்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள், நோய் இருக்கிற மண்ணை இறக்க விட்டிருந்தால் அதைத் திருப்பி ஏற்ற எந்தக் கப்பலாலும் முடியாது. சரக்கு ஏற்றுகிற துறைமுகத்திலேயே நம் ஆட்கள் நின்று மாதிரி பார்த்துச் சரி சொன்ன பிறகு கப்பலை விட்டிருக்க வேண்டும். அவசரத்தில் வாங்கினால் இந்தப் படி விடுபடும்.

2021 கார்த்திகையில் இந்திய விமானப்படையின் இரண்டு சி-17 விமானங்கள் 100 தொன் நானோ நைதரசன் திரவத்தைக் கொண்டு வந்தன. பசளை விமானத்தில் வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. முப்பதாயிரம் தொன் கப்பலில் கொண்டு வருகிற ஒன்றை நூறு தொன்னாக ஆகாயத்தில் கொண்டு வருகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று. அதே மாதம் 24ஆம் தேதி தனியார் பசளை கொண்டு வரலாம் என்று தடையை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் இங்கே பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது, பலர் விதைத்தே முடித்திருந்தார்கள்.

பெரும்போகம் எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு விதைப்பது. விதைத்து இரண்டாம் கிழமை, நாலாம் கிழமை, ஆறு ஏழாம் கிழமை என்று யூரியா கேட்கும். மட்டம் வெடிக்கிற, அதாவது பயிர் பக்கத்தில் கிளைக்கிற, நேரம் கொடுக்காவிட்டால் மட்டம் வராது, பிறகு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் வராது, கதிர் உள்ளே திரள்கிற குடலைப் பருவத்துக்குப் பிறகு கொடுத்தால் இலைதான் பச்சையாகும், நோய் வரும். கோதுமைக் கப்பல் ஒரு மாதம் பிந்தினால் பாண் விலை ஏறும், கப்பல் வந்ததும் மா கிடைக்கும். கிளிங்கர் பிந்தினால் வீடு கட்டுகிறவன் பொறுத்திருப்பான். பசளை ஒரு மாதம் பிந்தினால் அந்தப் போகத்துக்கு அது பசளையே இல்லை. வரிசையில் எது முன்னால் என்று துறைமுகத்தில் முடிவு செய்கிறவர்களுக்கு இது நெஞ்சில் எழுதியிருக்க வேண்டும்.

அந்தப் பெரும்போகத்தில் சித்தப்பாவின் வயல் மஞ்சளாக நின்றது. தை மாதம் பொங்கலுக்குப் போனபோது வரம்பில் நின்று பார்த்தேன், இடுப்பளவு வர வேண்டிய பயிர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. வெட்டியபோது ஏக்கருக்கு வழமையில் பாதி கூட இல்லை. நாடு முழுக்கவும் விளைச்சல் விழுந்தது. 2021இல் இரண்டு போகமும் சேர்த்து 51 லட்சம் தொன் அளவில் இருந்த நெல், 2022இல் 34 லட்சம் தொன். அரிசி இறக்குமதி செய்தோம். பசளைக்குக் கொடுக்காத டொலரை அரிசிக்குக் கொடுத்தோம், அதையும் அதே துறைமுகத்தில்தான் இறக்கினோம்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டும், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காதது. சண்டைக் காலத்தில் யூரியா தடுக்கப்பட்ட பொருட்களில் ஒன்று. வெடிமருந்து செய்யலாம் என்பதால் மூதூர், ஈச்சிலம்பற்று பக்கம் ஒரு மூட்டை கொண்டுபோவதே பெரும் பாடு. பசளை இல்லாமல் வயல் செய்வது எப்படி என்று கேட்டால் எங்கள் பக்கத்து வயதானவர்கள் சொல்வார்கள், "செய்யலாம், வீட்டுக்குச் சாப்பாடு வரும், விக்க வராது." சித்தப்பா 2021இல் இதே வார்த்தையைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. சண்டை இல்லாத காலத்திலும் இதைச் சொல்ல வேண்டி வந்ததே என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

அடுத்தது 2022 சிறுபோகம். ஜூன் 10ஆம் தேதி இந்தியா 55 மில்லியன் டொலர் கடன் தந்து 65,000 தொன் யூரியாவுக்கு ஒப்பந்தம் ஆனது. ஜூலை முற்பகுதியில் முதல் 44,000 தொன் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. ஜூலை 9ஆம் தேதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போனதே, அதே நாட்கள். நாடு அப்படிக் கொதித்துக்கொண்டிருக்க, துறைமுகத்தில் சாக்குத் தைக்கிற வேலை நடந்தது. அந்தத் தொழிலாளர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, வேலைக்கு நடந்தும் சைக்கிளிலும் வந்துதான் செய்திருப்பார்கள், இங்கே எங்கள் ஆட்களும் அப்படித்தான் வந்தார்கள்.

விலையைப் பார்த்தால், கடன் தொகையைத் தொன்னால் பிரித்தால் மூட்டை 42 டொலர் வருகிறது, அன்றைய ரூபாயில் 15,000க்கு மேல். அரசாங்கம் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தது. வெளியில் நாற்பதாயிரம் வரை கேட்டார்கள். கமநல சேவை நிலையத்தில் சித்தப்பாவுக்குப் பெயர் பதிந்து, துண்டு கொடுத்து, வரிசையில் நின்று, அவர் பங்குக்கு வந்தது இரண்டு அந்தர், இரண்டே மூட்டை. கொழும்பிலிருந்து இங்கே 260 கிலோமீட்டர் அளவு. டீசலுக்கு லொறிகள் நாள் கணக்கில் வரிசையில் கிடந்தன. மூட்டை அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது நெல் பால் பிடித்துவிட்டது.

"கப்பல் வந்திட்டுது தம்பி," என்றார் அன்றைக்கு. "பயிர் போயிட்டுது."

இதை எழுத வைத்த காரணமும் இதுதான். தம்பலகாமத்திலிருந்து சீனன்குடா ஜெட்டிக்கு அரை மணித்தியால ஓட்டம். கந்தளாய், மூதூர், கிளிவெட்டி, சேருவில, வெருகல், கொஞ்சம் தள்ளினால் பொலன்னறுவை, இந்த நாட்டின் நெல் வயலில் கணிசமான பங்கு இந்தத் துறைமுகத்தைச் சுற்றி இருக்கிறது. கோதுமையை மொத்தமாக இறக்குகிற பழக்கம் இங்கே பல பத்து வருடமாக இருக்கிறது, சிமெந்து ஆலைக்குக் கிளிங்கர் வருகிறது, அஷ்ரப் ஜெட்டி இருக்கிறது, ரயில் பாதை சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய் வழியாகவே போகிறது. வயல் இங்கே, ஆழமான கடல் இங்கே, ஆனால் பசளை நாட்டின் மறுகரையில் இறங்கி, மலைப்பக்கத்தையும் காட்டையும் தாண்டி லொறியில் வருகிறது. டீசல் மலிவாக இருந்த காலத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை. 2022இல் உறைத்தது.

பருவத்தையும் பாருங்கள். வைகாசி முதல் ஆவணி வரை கொழும்புப் பக்கம் தென்மேற்கு மழை, கப்பல் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நாள் போகும். அதே மாதங்களில் இங்கே கச்சான் காற்று, மழை குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. பெரும்போகத்துக்குத் தேவையான யூரியாவை ஆடி, ஆவணியில் இங்கே இறக்கிச் சாக்கில் கட்டிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டால், புரட்டாதியில் கமநல நிலையங்களுக்குப் போய்விடும், ஐப்பசி மழை தொடங்கும்போது மூட்டை விவசாயி வீட்டில் இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் இங்கே பசளை இறக்குவது சிரமம், வருட மழையில் பெரும் பகுதி அந்த மூன்று நாலு மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்போது கொழும்பில் இறக்கட்டும். இரண்டு துறைமுகத்தையும் இரண்டு பருவத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் நான் சொல்வது, கொழும்பை மூடச் சொல்லவில்லை.

இதற்கு இங்கே என்ன இல்லை என்றும் தெரியும். பசளைக்கென்று தனியான, ஈரம் புகாத பெரிய களஞ்சியம் வேண்டும். கோதுமை இறக்குகிற கிராப்பையும் ஹொப்பரையும் பசளைக்குத் தொடக் கூடாது, உணவோடு கலக்கும். பொட்டாசியப் பசளை, எம்.ஓ.பி. என்கிறோமே, அது உப்பு, இரும்பைத் தின்னும், ஒவ்வொரு நாளும் கழுவாவிட்டால் ஒரு வருடத்தில் உபகரணம் துருவேறிப் போகும். கிண்ணியா, மூதூர் மீன்பிடிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. ஜெட்டியில் சிந்துகிற யூரியாவை மழை கழுவிக் கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுபோனால் பாசி பெருகும், மீனுக்குக் கேடு. சிந்தியதைக் கூட்டி அள்ள வேண்டும், ஜெட்டிக்கும் கப்பலுக்கும் இடையில் படங்கு கட்ட வேண்டும். செய்ய முடியாத வேலை ஒன்றும் இதில் இல்லை. ஆனால் அவசரத்தில் ஒரு கப்பலைத் திருப்பிவிட்டுச் செய்கிற வேலையும் அல்ல, முன்கூட்டியே கட்டி வைத்தால்தான் நெருக்கடியில் உதவும். 2022 ஜனவரியில் இங்கே இருக்கிற 99 எண்ணெய்த் தாங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டபோது திருகோணமலையின் பெயர் நாளும் செய்தியில் அடிபட்டது. அந்த நேரமும் பசளைக்கு ஒரு களஞ்சியம் என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை.

சரியாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் யு.எஸ்.எயிட் உதவியில், ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு வழியாக 36,000 தொன் டி.எஸ்.பி. கொழும்பில் இறங்கியது. அடிக்கட்டுப் பசளை, விதைக்கும்போது போடுவது. சிறுபோக விதைப்புக்கு முன்பே வந்தது, இலவசமாகக் கொடுத்தார்கள். ஏழு லட்சத்து இருபதாயிரம் மூட்டை. டொலரும் நம்முடையது அல்ல, கப்பலும் நம்முடையது அல்ல, ஆனால் விதைப்புக்கு முன்னால் வந்தது. சித்தப்பா அந்த முறை போன் எடுத்தபோது கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

2022இல் பிந்தி வந்த அந்த இரண்டு அந்தரில் அவர் ஒரு பிடி கூட அந்தப் போகத்தில் போடவில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியாது, விற்கவும் மனம் வரவில்லை, அடுத்த பெரும்போகத்துக்கு ஆகும் என்று சாமி அறைக்குப் பக்கத்தில் பலகை போட்டு, மேலே படங்கு மூடி வைத்திருந்தார். கார்த்திகையில் நான் போனபோது சாக்கைத் தட்டினால் கல்லைத் தட்டுகிற சத்தம். முற்றத்தில் ஓலைப் பாயை விரித்து, அதில் சாக்கைச் சாய்த்து, உலக்கையால் மெதுவாகக் குத்தி உடைத்தோம், சித்தி கட்டிகளைச் சுளகில் அள்ளிக் கையால் உதிர்த்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பா வானத்தைப் பார்த்துவிட்டு, "கெதியாய் தம்பி, நனைஞ்சா கரைஞ்சிடும்," என்றார். பாயை நாலு மூலையிலும் பிடித்து விறாந்தைக்குத் தூக்கினோம்.